திருவனந்தபுரத்துப் பள்ளியில் ஒரு சொல்: வைக்கம் தெருக்களிலிருந்து மாண்ட்கோமரி வரை

1959 பிப்ரவரியின் பிற்பகுதியில் மார்ட்டின் லூதர் கிங் திருவனந்தபுரத்துக்கு வந்தார். உடன் அவருடைய மனைவி கொரெட்டாவும் வரலாற்றாசிரியர் லாரன்ஸ் ரெடிக்கும் இருந்தனர். மாண்ட்கோமரி நகரப் பேருந்துகளில் கறுப்பின மக்களைப் பின்னிருக்கைக்குத் தள்ளிய சட்டத்தை, 381 நாள் புறக்கணிப்பின் மூலம் வீழ்த்திய போராட்டத்தின் தலைவர் என்று உலகம் அவரை அறிந்திருந்தது. இந்த நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அவர் பேசவிருந்தார். அங்குப் பயின்ற மாணவர்களில் பெரும்பாலோர் முன்பு தீண்டத்தகாதோர் எனப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். அவரை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்திய தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் இவரும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவரே என்ற பொருளில் சொன்னார். கிங் ஒரு கணம் அதிர்ந்தார். சற்றே சினமும் கொண்டார். பின்னர், தம் நாட்டில் சேரிகளிலும் வறுமையிலும் அடைபட்டுக் கிடந்த இரண்டு கோடிக் கறுப்பின மக்களை நினைத்துப் பார்த்தார். அந்தச் சொல் தமக்குப் பொருந்துவதே என்று தமக்குள் ஒப்புக்கொண்டார். ஆறாண்டுகள் கழித்து, 1965 ஜூலை 4 அன்று அட்லாண்டாவில் தம் எபினேசர் திருச்சபையில் ஆற்றிய உரையில் இதை அவரே விவரித்தார்.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் ஓர் உருக்கமான துணுக்காகவே எடுத்துச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்தப் பள்ளி எப்படி உருவாயிற்று, அந்தப் பிள்ளைகள் எப்படி அங்கு வந்து அமர்ந்தனர் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால், கிங் அறிந்திருந்த இந்தியப் போராட்ட வரலாற்றுக்கும் அவர் நின்றிருந்த மண்ணின் வரலாற்றுக்கும் இடையே ஓர் இடைவெளி தென்படும். அகிம்சைப் போராட்டத்தின் நெடுங்காலத் தாக்கத்தைப் பேசுவோர் அந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

திருவனந்தபுரத்துக்கு வருபவர் இன்று பெரும்பாலும் தம்பானூரில்தான் இறங்குகிறார். ஒருபுறம் மத்திய ரயில் நிலையம்; எதிர்ப்புறம் நாகர்கோவிலுக்கும் களியக்காவிளைக்கும் பேருந்துகள் புறப்படும் நிலையம். வயலாக இருந்த அந்த நிலத்துக்கு ரயில் வந்தது 1931 இல். அதற்கு முன் செங்கோட்டை, கொல்லம் வழியாக வந்த பாதை நகரின் ஓரத்தில் சாக்கையோடு நின்றுவிட்டது. ரயில் பெட்டியில் பயணச்சீட்டின் வகுப்பு மட்டுமே கேட்கப்பட்டது, சாதி கேட்கப்படவில்லை. ஆனால் தம்பானூரில் இறங்கி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடந்து கிழக்குக் கோட்டையை அடைந்த புலையரோ ஈழவரோ பத்மநாபசுவாமி கோயிலுக்குள் நுழைய மேலும் ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. ரயிலில் அருகருகே அமர்ந்து வந்தவர்கள் கோயில் வாசலில் பிரிந்தாக வேண்டும் என்ற நிலை அன்றைய திருவிதாங்கூரின் இயல்பு. அங்கே தீண்டாமை தொடுவதோடு முடியவில்லை. இன்ன சாதியார் இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று தூரக் கணக்கு இருந்தது. கோயிலைச் சுற்றிய பொதுத் தெருக்களில், இதற்கு அப்பால் வரக்கூடாது என்று அறிவிக்கும் 'தீண்டல் பலகை'கள் நின்றன. அரசின் வரிப்பணத்தில் போடப்பட்ட சாலை மக்களில் ஒரு பகுதியினருக்கு மூடப்பட்டிருந்தது. அமெரிக்கத் தெற்கு மாநிலங்களில் இருக்கைகளையும் குடிநீர்க் குழாய்களையும் பிரித்த பலகைகளோடு இதை ஒப்பிடுவது மிகையன்று.

இந்தத் தடையை முதலில் மீறியவர்கள் காந்தியை அறியாதவர்கள். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்கானூரில் பிறந்த அய்யங்காளி, 1893 இல் வில்வண்டி ஒன்றை வாங்கி, தலைப்பாகை கட்டி, புலையர் நடக்கக் கூடாத பொதுச் சாலையில் அதை ஓட்டிச் சென்றார். தாக்க வந்தவர்களை அவரும் அவருடைய தோழர்களும் எதிர்த்து நின்றனர். எனவே அதை முழுமையான அகிம்சைப் போராட்டம் எனச் சொல்ல இயலாது. ஆனால் அடுத்து அவர் கையிலெடுத்த கருவியில் வன்முறை எள்ளளவும் இல்லை. 1907 இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவிய அவர், புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கக் கோரினார். அரசு இசைந்தும் உள்ளூர்ப் பள்ளிகள் மறுத்தன. எங்கள் பிள்ளைகளைப் படிக்க விடாவிட்டால் உங்கள் வயல்களில் களைதான் முளைக்கும் என்ற பொருளில் அவர் எச்சரித்ததாக மக்கள் நினைவில் இன்றும் நிற்கிறது. அதன்படியே வேளாண் கூலிகள் வயலில் இறங்க மறுத்தனர். எழுதப் படிக்க உரிமை வேண்டி உழவுத் தொழிலாளர் நடத்திய அந்த வேலைநிறுத்தத்துக்கு இந்திய வரலாற்றில் இணை காண்பது அரிது. சம்பளத்தையும் நேரத்தையும் பற்றிய கோரிக்கைகள் அதில் இருந்தபோதும், அதன் நடுநாயகமாக நின்றது பள்ளிக்கூட வாசல்.

இதன் பின்னரே வைக்கம் வருகிறது. ஈழவர் தலைவரான டி.கே. மாதவன் 1921 செப்டம்பரில் திருநெல்வேலியில் காந்தியைச் சந்தித்து இப்பிரச்சினையை முன்வைத்தார். 1923 டிசம்பரில் காக்கிநாடா காங்கிரஸ் தீண்டாமை ஒழிப்பை ஏற்றது. 1924 மார்ச் 30 அன்று வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றிய சாலைகளில் போராட்டம் தொடங்கியது. புலையரான குஞ்ஞாப்பி, ஈழவரான பாகுலேயன், நாயரான கோவிந்தப் பணிக்கர் ஆகிய மூவரும் தடை எல்லையை நோக்கி நடந்து கைதாயினர். நாள்தோறும் அவ்வாறே புதிய மூவர் சென்றனர். தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறை சென்றதும், ஏப்ரல் 13 அன்று ஈ.வெ. ராமசாமி வைக்கம் வந்து சேர்ந்தார். நாகம்மையும் எஸ்.ஆர். கண்ணம்மாளும் பெண்களைத் திரட்டினர். ஈ.வெ.ரா. இரு முறை தண்டிக்கப்பட்டு, மொத்தம் 74 நாள் சிறையில் கழித்தார். இரண்டாம் தண்டனையைத் திருவனந்தபுரம் மத்திய சிறையில் அனுபவித்தார். அதே சிறையில் அரசியல் கைதியாகச் சலுகைகளுடன் இருந்த கே.பி. கேசவ மேனன், காலில் விலங்கும் கழுத்தில் மரப்பலகையுமாகக் கடுங்காவல் கைதிகளோடு ஈ.வெ.ரா. உழைத்ததைப் பதிவு செய்திருக்கிறார்.

1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099 இல் நேர்ந்ததால் கேரள மக்கள் இன்றும் அதைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பர். தடுப்பரண் முன் இடுப்பளவும் கழுத்தளவும் நீரில் தொண்டர்கள் மணிக்கணக்கில் நின்றனர். காவலர்கள் படகுகளில் காவல் காத்தனர். ராமன் இளையதின் கண்களில் சுண்ணாம்பு பூசப்பட்டது. சிற்றேடத்துச் சங்குப்பிள்ளை தாக்குதலுக்கு உள்ளாகிப் பின் இறந்தார். தாமே துன்பத்தை ஏற்று எதிரியின் மனத்தை மாற்றுவது என்ற கோட்பாடு இதைவிடக் கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடங்கள் குறைவு.

அச்சோதனையின் முடிவு என்ன? 1925 மார்ச் 10 அன்று காந்தி, வைதிகத் தரப்பின் தலைவரான இண்டந்துருத்தி நம்பூதிரியைச் சந்திக்க அவருடைய மனைக்கே சென்றார். வைசியரான காந்தி வீட்டின் உட்பகுதிக்குள் அனுமதிக்கப்படவில்லை. புறத்தே ஒதுக்கிய பகுதியில்தான் பேச்சு நடந்தது. சவர்ணரிடையே வாக்கெடுப்பு நடத்தலாம், சாத்திரம் அறிந்த பண்டிதரிடம் விடலாம், நடுவர் தீர்ப்புக்கு உட்படலாம் என்று மூன்று வழிகளை அவர் முன்வைத்தார். எதுவும் ஏற்கப்படவில்லை. ஓராண்டு காலத் துன்பம் எதிர்த்தரப்பின் தலைமையை அசைக்கவே இல்லை.

அசைவு ஏற்பட்டது வேறிடத்தில். 1924 நவம்பர் 1 அன்று மன்னத்து பத்மநாபன் தலைமையில் சவர்ணர்களின் நடைப்பயணம் வைக்கத்திலிருந்து புறப்பட்டது. அவர்கள் ஏறக்குறைய பன்னிரண்டு நாள் ஊர் ஊராக நடந்து திருவனந்தபுரம் வந்தனர். தெற்கே நாகர்கோவில் பகுதியிலிருந்து எம்பெருமாள் நாயுடு தலைமையில் இன்னொரு அணி வந்தது. இரண்டும் தலைநகரில் சேர்ந்தன. சங்ஙனாச்சேரி பரமேசுவரன் பிள்ளை தலைமையிலான குழு, சுமார் 25,000 சவர்ணர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தை ஆட்சிப் பொறுப்பில் இருந்த ராணி சேது லட்சுமி பாயிடம் அளித்தது. தடையால் பயன் பெறும் சாதிகளுக்குள்ளேயே பிளவு ஏற்பட்டு, ஒரு பெரும்பகுதி தடைக்கு எதிராக வெளிப்படையாகக் கையெழுத்திட்டது. இதனால், சவர்ணர் அனைவரும் வழக்கத்தைக் காக்கவே விரும்புகின்றனர் என்ற வைதிகரின் வாதம் வலுவிழந்தது.

ஆயினும் 1925 பிப்ரவரி 7 அன்று திருவிதாங்கூர் சட்டமன்றத்தில், கோயில் சாலைகளை எல்லோருக்கும் திறக்கக் கோரி என். குமாரன் கொண்டுவந்த தீர்மானம் 21க்கு 22 என ஒரே வாக்கில் தோற்றது. எதிராக வாக்களித்தவர்களுள் ஈழவரின் உரிமைக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த டாக்டர் பல்புவின் சகோதரரும் இருந்தார். அந்த ஒரு வாக்கின் கசப்பைக் கேரளம் நெடுங்காலம் மறக்கவில்லை. பின்னர் காந்திக்கும் காவல் ஆணையர் பிட்டுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டு, தடுப்பரண்கள் அகற்றப்பட்டன. 1925 நவம்பர் இறுதியில், அறுநூறு நாட்களுக்குப் பிறகு, போராட்டம் முடிவுக்கு வந்தது. கோயிலின் மூன்று பக்கச் சாலைகள் திறக்கப்பட்டன. கிழக்குச் சாலையில் ஒரு பகுதி சவர்ணருக்கென ஒதுக்கப்பட்டது. மனமாற்றம் என்று இதைச் சொல்ல முடியாது. அரசு தன் வசதிக்கேற்ப வகுத்துக் கொடுத்த சமரசம் என்பதே சரி.

அக்கதை கடல் கடந்தபோது இந்தச் சமரசம் மறைந்துவிட்டது. அமெரிக்க வழக்கறிஞரான ரிச்சர்ட் கிரெக் 1925 இல் இந்தியா வந்து, சபர்மதியில் தங்கி, ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் இங்கு வாழ்ந்தவர். 1934 இல் அவர் வெளியிட்ட 'அகிம்சையின் ஆற்றல்' என்னும் நூல் அகிம்சைப் போரை மேலை நாட்டாருக்கு ஒரு முறையியலாக விளக்கிக் காட்டிய முன்னோடிப் படைப்பு. அதில் வைக்கமும் ஓர் எடுத்துக்காட்டு. வெள்ளத்தில் நின்ற தொண்டர்களின் பொறுமை கண்டு பிராமணர் மனம் இளகி வழிவிட்டனர் என்னும் பொருள்பட அக்கதை அங்கே அமைந்திருக்கிறது. பின்வந்த ஆங்கில நூல்கள் பலவும் இந்த வடிவத்தையே பின்பற்றின. 1956 இல், பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த நாட்களில், கிரெக்கின் நூல் கிங்கின் கைக்கு வந்தது. தம்மை உருவாக்கிய நூல்களுள் ஒன்றாக அதைக் கருதிய கிங், 1959 இல் வெளிவந்த திருத்திய பதிப்புக்கு முன்னுரையும் எழுதினார். திருவனந்தபுரம் பள்ளியில் அவர் நின்ற அதே ஆண்டு அது. அந்நகரிலிருந்து வடக்கே ஒரு நாள் பயணத்தில் எட்டிவிடக்கூடிய வைக்கத்தைப் பற்றி, அவர் முன்னுரை எழுதிய நூல் சொன்னது மனமிளகிய பிராமணர்களின் கதையைத்தான்.

இந்தப் பிழையைச் சான்றுகளுடன் எடுத்துக்காட்டியவர் கிங்கின் இயக்கத்திலிருந்தே வந்த ஒருவர் என்பது வரலாற்றின் நயமான திருப்பம். மேரி எலிசபெத் கிங் 1960களில் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழுவில் பணியாற்றிய வெள்ளையினப் பெண். மார்ட்டின் லூதர் கிங்குக்கு உறவினர் அல்லர். பின்னாளில் அரசியல் அறிஞரான அவர், வைக்கம் போராட்டம் பற்றி எழுதி 2015 இல் வெளியான ஆய்வு நூலில், துன்பத்தால் எதிரியின் இதயம் மாறியது என்பதற்கு வைக்கத்தில் சான்று இல்லை என்று நிறுவுகிறார். அகிம்சைப் போரில் மனமாற்றம் அரிதாகவே நிகழும். இணங்கிச் செல்வதும் வேறு வழியின்றிப் பணிவதுமே பெரும்பாலும் நிகழ்கின்றன என்பது அவருடைய வாதத்தின் சாரம். அமெரிக்கக் களத்தில் போராடியவர் ஒருவர் இதைச் சொல்வதால் அதற்குத் தனி எடை சேர்கிறது. மாண்ட்கோமரியிலும் இறுதியில் பேருந்தைத் திறந்தது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அத்தீர்ப்பு வரும்வரை மக்களைக் கட்டிக்காத்தது ஓராண்டுக்கு மேல் நீண்ட நடையும் புறக்கணிப்பும். வெள்ளை அதிகாரிகளின் மனம் மாறிப் பேருந்துகள் திறக்கவில்லை.

அப்படியானால் தவறான கதையொன்று நல்விளைவைத் தந்தது என்று முடித்துவிடலாமா? அது எளிய முடிவு. மனமாற்றக் கதைக்கு ஒரு விலை உண்டு. மாற்றத்தின் உரிமையை அது ஒடுக்கியவரின் நல்ல மனத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது. கழனியில் இறங்க மறுத்த புலையரும், திருவனந்தபுரம் சிறையில் விலங்கு பூண்டு நின்ற தமிழரும், தம் சாதியாரின் பகையைத் தேடிக்கொண்டு கையெழுத்திட்ட நாயர்களும் அக்கதையிலிருந்து நழுவிவிடுகின்றனர். காந்தியின் நூல்களைக் கற்ற கறுப்பின இளைஞர்களுக்கு அய்யங்காளி என்ற பெயர் எட்டவே இல்லை. பெரியாரின் பெயரும் எட்டவில்லை.

தமிழ்ப் பரப்பில் இதற்கு நேரெதிரான குறை நிலவுகிறது. இங்கு வைக்கம் பெரும்பாலும் பெரியார் ஒருவரின் வரலாறாக நினைக்கப்படுகிறது. 'வைக்கம் வீரர்' என்ற பட்டம் அந்நினைவைக் காத்துவருகிறது. கேரளத்தில் நெடுங்காலம் அவருடைய பங்கு ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்பட்டது. நூற்றாண்டு நிறைவையொட்டி, 2024 டிசம்பர் 12 அன்று புதுப்பிக்கப்பட்ட வைக்கம் பெரியார் நினைவகத்தை இரு மாநில முதல்வர்களும் சேர்ந்து திறந்துவைத்தனர். ஒரு போராட்டத்தை இரு மொழிகள் இரு விதமாக நினைவில் வைத்திருந்த நிலை மாறுவதற்கு அது ஒரு தொடக்கம். காந்தியை வெளியே அமர வைத்த இண்டந்துருத்தி மனையிலோ இன்று கள்ளிறக்கும் தொழிலாளர் சங்க அலுவலகம் இயங்குகிறது.

மீண்டும் அந்தப் பள்ளிக்கு. வைக்கத்துக்குப் பின் சுசீந்திரமும் குருவாயூரும் போராட்டக் களங்களாயின. 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியானது. அதை வாழ்த்த 1937 ஜனவரியில் திருவிதாங்கூர் வந்த காந்தி, வெங்கானூரில் அய்யங்காளியைச் சந்தித்தார். அந்த முதியவர் தெரிவித்த ஆசை, தம் சமூகத்தில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைக் காண வேண்டும் என்பதே. நாடெங்கும் கோயில் கதவு திறந்ததைக் கொண்டாடிய வேளையில் அவருடைய கண் பள்ளிக்கூடத்தின் மேலேயே இருந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்துக் கிங்கின் முன் அமர்ந்திருந்த பிள்ளைகள் அந்த ஆசையின் வழித்தோன்றல்கள். வழிபாட்டுரிமையைக் காட்டிலும் பழைய போராட்டமொன்று, வயலில் களை முளைக்கவிட்ட வேலைநிறுத்தம், அவர்களை அந்த வகுப்பறைக்குக் கொண்டுவந்திருந்தது.

இதே காலத்தில் இன்னொரு சந்திப்பும் நிகழ்ந்தது. கிங் பின்னர் பயின்ற மோர்ஹவுஸ் கல்லூரியின் தலைவராகவும் அவருடைய ஆசானாகவும் விளங்கிய பெஞ்சமின் மேஸ், 1937 பிறக்கும் தறுவாயில் இந்தியாவில் இருந்தார், காந்தியைச் சந்தித்தார், மைசூரில் நடந்த கிறித்தவ இளைஞர் சங்க உலக மாநாட்டில் கலந்துகொண்டார். அப்பயணத்தில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர் தம்மைத் தீண்டத்தகாதவர் என்றே மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தியதையும், முதலில் திடுக்கிட்டுப் பின் அதன் உண்மையை உணர்ந்ததையும் மேஸ் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆசானுக்கும் மாணவருக்கும் இருபதாண்டு இடைவெளியில் ஒரே அனுபவம். இரு முறையும் அச்சொல்லைச் சொன்னவர் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பித்த ஓர் இந்திய ஆசிரியர். அவருக்குச் சாதியும் நிறமும் ஒரே ஏற்பாட்டின் இரு பெயர்களாகத் தெரிந்தன. அதை விளக்க அவருக்குக் கோட்பாடு தேவைப்படவில்லை.

கிங் இந்தியாவிலிருந்து கொண்டு சென்றவற்றுள் இப்பார்வையின் தடம் தெளிவாகத் தெரிகிறது. 1964 இல் வெளியான 'நாம் ஏன் காத்திருக்க முடியாது' நூலில் அவர் நேருவுடன் நடந்த உரையாடலை நினைவுகூர்கிறார். தாழ்த்தப்பட்டோருக்குப் பல்கலைக்கழக இடங்களில் முன்னுரிமை தருவது பாகுபாடு ஆகாதா என்று ரெடிக் கேட்டார். அப்படியும் இருக்கலாம், ஆனால் நூற்றாண்டுகளாக இழைத்த அநீதிக்கு இது எங்கள் பரிகாரம் என்ற பொருளில் நேரு பதிலளித்தார். இதை எடுத்துக்காட்டியே கிங், அமெரிக்காவும் கறுப்பின மக்களுக்கு இழப்பீடாகச் சிறப்புத் திட்டம் வகுக்க வேண்டும் என வாதிட்டார். கிரெக்கின் நூல் அவருக்குத் தந்தது மனமாற்றத்தின் இந்தியா. அவர் நேரில் கண்டது சட்டத்தாலும் ஒதுக்கீட்டாலும் பள்ளிக்கூடத்தாலும் மெல்ல மாறிக்கொண்டிருந்த இந்தியா. இரண்டாவதுதான் திருவிதாங்கூரின் அனுபவத்துக்கு நெருக்கமானது.

இன்று தம்பானூரில் இறங்கிக் கிழக்குக் கோட்டை நோக்கி நடப்பவரை யாரும் நிறுத்தி எத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று சொல்வதில்லை. இந்த மாற்றத்தை யாருடைய நன்மனமும் தானமாக அளிக்கவில்லை. வில்வண்டி ஓட்டியவரும், வயலை விட்டு வெளியேறியவரும், வெள்ளத்தில் நின்றவரும், பன்னிரண்டு நாள் நடந்து வந்தவரும் அதைக் கேட்டுப் பெற்றனர். ஒரு வாக்கில் தோற்ற பிறகும் அவர்கள் கேட்பதை நிறுத்தவில்லை. வைக்கத்தை உலகுக்கு மறுபடியும் எடுத்துச் சொல்லும் மாணவர்கள், இளகிய மனங்களுக்கு முன்பாக இவர்களுடைய பெயர்களைச் சொல்ல வேண்டும்.